காரில் விட்டுவந்த களி

விசாரித்துப் பார்த்துவிட்டேன். உள்நாட்டு விமானத்தில் களி உருண்டையைக் கையோடு எடுத்துப்போகத் தடை ஏதும் இல்லை. இட்லி, சப்பாத்தி, புளிசாதம் போல அதுவும் வெந்த உணவு, அவ்வளவுதான். கூட இருக்கும் குழம்பைப் பற்றி வேண்டுமானால் பாதுகாப்புச் சோதனையில் ஒரு கேள்வி வரலாம். இதையெல்லாம் நான் விசாரித்தது பயணம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு. பயணத்தன்று காலையில் எதையும் விசாரிக்காமலேயே, "ஏர்போர்ட்டுல இதெல்லாம் விட மாட்டாங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னேன் என்பதும் முழு உண்மை இல்லை. விடுவார்களா மாட்டார்களா என்பது அன்றைக்கு என் கவலையாகவே இல்லை. அந்தத் தூக்குச்சட்டியோடு அம்மா அந்தக் கட்டடத்துக்குள் நடந்து வருவதை நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான் கவலை.

2024 ஜனவரிக் கடைசி, தை மாதம். புனேயில் இருக்கும் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர நானும் கூடப் போனேன். அம்மாவுக்கு அதுதான் முதல் விமானம். எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். அங்கிருந்து விமானம் ஏற வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளியில் மாநிலம் மாறி, பெங்களூரு ஊரை முழுக்கக் குறுக்காகக் கடந்து, அந்தப் பக்கம் தேவனஹள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். (அதே வருடம் ஜூனில், ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரப்போகிறது என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அது வரும்போது அம்மாவை இன்னொரு முறை கூட்டிப்போக வேண்டும்.) மதியம் மூன்றே முக்காலுக்கு விமானம். காலை எட்டு மணிக்கே கிளம்பினோம். அம்மா நாலு மணிக்கு எழுந்துவிட்டாள்.

எழுந்து களி கிண்டியிருந்தாள். நொய்யரிசியை வேகவிட்டு, அது குழையும் பதத்தில் கேவுரு (கேழ்வரகு) மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி விட்டு மூடி, மாவு வெந்ததும் பானையை இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டுவாள். கட்டி தட்டாமல் கிண்டுவது கைப்பக்குவம் மட்டும் இல்லை, தோள் வேலை. நாலு உருண்டை. தொட்டுக்கொள்ளப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து, ஊறவைத்த பச்சை மொச்சையை ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுத்திருந்தாள். மார்கழி, தையில்தான் அந்தக் குழம்பு. எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் செய்தது. தனக்காக என்றால் அவள் பச்சைமிளகாயும் உப்பும் வைத்துக்கொண்டே தின்று முடித்திருப்பாள்.

காரை ஓட்டி வந்தவன் சித்தப்பா மகன். விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கும்போது அம்மா முதலில் எடுத்தது தூக்குச்சட்டியைத்தான். நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி, விடமாட்டாங்கன்னா என்ன பண்றது" என்று தூக்கை அவனிடம் கொடுத்து, "நீ தின்னுடு சாமி, சூடு ஆறல" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். வாரத்தில் நான்கு நாள் பயணிகளைக் கொண்டுவந்து விடுகிறவன் அவன். எதை உள்ளே விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

பொய் வெளிப்பட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வடநாட்டுக் குடும்பம். அவர்களுடைய பையிலிருந்து மூன்றடுக்கு டிபன் டப்பா தட்டில் ஏறியது, எந்திரத்துக்குள் போனது, அந்தப் பக்கம் வந்தது. சிஐஎஸ்எஃப் காவலர் திறந்து பார்க்கச் சொன்னார். அடுக்கடுக்காகச் சப்பாத்தி. மூடி எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். அம்மா வளையலைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

உட்கார ஓர் இடம்

தேவனஹள்ளியின் இரண்டாம் முனையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரையெல்லாம் மூங்கில், மேலிருந்து தொங்கும் செடிகள், உள்ளேயே நீர் விழும் சத்தம். அம்மா அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு மூங்கில் வெட்டியிருப்பான்" என்றாள். அந்த நிலையமே 4,000 ஏக்கர். தேவனஹள்ளி வட்டாரம் எங்கள் பக்கத்தைப் போலவே ராகி மண். ஓடுபாதைக்கு அடியில் எத்தனை பேருடைய கொல்லை நிலம் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

மணி பன்னிரண்டரை. அம்மாவுக்குப் பசி. உணவுக்கடைகள் வரிசையாக இருந்த இடத்தில் கூட்டம், நின்றுகொண்டு வாங்க வேண்டும், வாங்கினாலும் உட்கார நாற்காலி இல்லை. அவளுக்கு முழங்கால் வலி. பக்கத்தில் மேஜைக்கு வந்து பரிமாறும் உணவகம் ஒன்றுதான் இருந்தது, இத்தாலிய உணவகம். மங்கலான விளக்கு, மர மேஜை, துணிக் கைக்குட்டை. அம்மா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியதும் முகம் தெளிந்தது. அதற்காகவே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு பீட்சா. அம்மாவுக்கு என்ன வாங்குவது என்று தெரியவில்லை. கீழ்ப்பல் நாலு இல்லை, கட்டவும் மாட்டேன் என்கிறாள். பரிமாற வந்த பையனிடம், அம்மாவுக்கு மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றேன். கோலார்ப் பக்கத்துப் பையன் என்று பிறகு தெரிந்தது. அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொலெண்டா கொடுக்கட்டுமா சார், மேலே காளான் போட்டு வரும், மெல்லவே வேண்டாம்" என்றான். பொலெண்டா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல் சரி என்றேன்.

வந்தது அகலமான வெள்ளைக் கிண்ணம். நடுவில் மஞ்சளாக ஒரு குவியல், அதன் மேல் பழுப்பு நிறக் குழம்பில் காளான் துண்டுகள், அதற்கும் மேல் சீவிய சீஸ். அம்மா சீஸை முகர்ந்து பார்த்து மெதுவாக ஓரம் தள்ளினாள். கரண்டியால் ஒரு வாய் எடுத்தாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற ஆற அந்தக் குவியல் இறுகியது. ஓரம் கிண்ணத்தை விட்டுப் பிரிந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தண்ணீர் டம்ளரில் விரல் நுனியை நனைத்துக்கொண்டு, மூன்று விரலால் ஒரு துண்டைப் பிய்த்தாள், குழம்பில் புரட்டினாள், வாயில் போட்டு மெல்லாமல் விழுங்கினாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

களி தின்கிறவர்களுக்கு அந்த அசைவு தெரியும். களியை மெல்லக் கூடாது, மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் கெட்டுவிடும். சின்ன வயதில் நான் மென்றபோதெல்லாம் பாட்டி தலையில் குட்டியிருக்கிறாள். பெயர் கேட்டு, நிறம் பார்த்து, வாசனை பிடித்து எனக்குப் பிடிபடாதது அம்மாவின் தொண்டைக்குப் பிடிபட்டுவிட்டது.

அம்மா பையனைக் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் கன்னடமும் தெலுங்கும் வாயில் இருக்கும். "யாவ ஹிட்டப்பா இது?" என்றாள். எந்த மாவு என்று கேட்கிறாள். அவன் முகம் மலர்ந்து, "முசுகின ஜோளத ஹிட்டு அம்மா. நம்ம முத்தே தரானே" என்றான். மக்காச்சோள மாவு, நம் முத்தே மாதிரியேதான். களிக்குக் கன்னடத்தில் முத்தே. அதுவரை அவனும் நானும் ஆங்கிலம் கலந்து பேசிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. எந்த ஊர், வீட்டில் யார் முத்தே கிண்டுவார்கள், இந்த ஊரில் அறையில் தங்கி என்ன தின்கிறான் என்று அம்மா கேட்க, அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் போனதும் அம்மா மறுபடி விரலை நனைத்தாள். அப்போதுதான் நான் அதைச் செய்தேன். பக்கத்து மேஜைகளைத் திரும்பிப் பார்த்தேன். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த ஒருவர், ஜன்னல் ஓரம் ஒரு ஜோடி. யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. ஆனால் நான் பார்த்ததை அம்மா பார்த்துவிட்டாள். நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள். கரண்டியால் நாலு வாய். பிறகு போதும் என்றாள். கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தும் நான் பார்த்திராத அம்மா.

எவ்வளவு என்று கேட்டாள். "எரநூறு ரூபாம்மா" என்றேன். அந்த ஒரு கிண்ணம் மட்டும் 795 ரூபாய், வரி தனி. காலையிலிருந்து அது இரண்டாவது பொய்.

ஜெயில் சோறு

அந்தத் திரும்பிப் பார்த்தல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் முதல் வருடம். வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று பேச்சு வந்தது. ஒருவன் தஞ்சாவூர், ஒருவன் காரைக்குடி, அவரவர் வீட்டு விருந்தைச் சொன்னார்கள். நான் களி என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. "ஏண்டா, உங்க ஊரே ஜெயில்ல இருக்கா?" என்றான் ஒருவன். 'களி தின்னப் போறான்' என்றால் சிறைக்குப் போகிறான் என்று தமிழ்நாடு முழுக்க அர்த்தம். ஒரு காலத்தில் சிறையில் களி போட்டதால் வந்த சொல்வழக்கு. எங்கள் வீட்டில் தினமும் காலையும் மதியமும் தின்ற சோற்றுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவன் கெட்டவன் இல்லை, இன்றைக்கும் என் நண்பன். ஆனால் அந்த நாலு வருடமும் வீட்டிலிருந்து என்ன வந்தாலும் பிரித்துக் காட்டுவதற்கு முன் நான் உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

புனேயிலிருந்து திரும்பியதும் பொலெண்டாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வட இத்தாலியின் குடியானவர்களுடைய உணவு அது. செம்புப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மாவைத் தூவி, நீளமான மரக்கோலால் முக்கால் மணி நேரம் விடாமல் கிண்டுவார்கள். வெந்ததும் மரப்பலகையில் கவிழ்த்துக் கொட்டி, இறுகியதும் நூலால் அறுத்துப் பங்கு போடுவார்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அங்கே வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் தினை வகைத் தானியங்களிலும் பழைய கோதுமை வகைகளிலும் கிண்டியிருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து வால்தெல்லினா பள்ளத்தாக்கில் பக்வீட் என்ற தானியத்தின் மாவு கலந்து கிண்டும் ஒரு வகை இன்றைக்கும் உண்டு. அதன் படத்தைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். எந்தப் பெயரும் போடாமல் எங்கள் ஊரில் யாரிடம் காட்டினாலும் களி என்றுதான் சொல்வார்கள்.

அதைவிட என்னை நிறுத்தியது இன்னொன்று. தென் இத்தாலிக்காரர்கள் வடக்கத்தியர்களை 'பொலெந்தோனி' என்று ஏசுவார்களாம். பொலெண்டா தின்னிகள். கோயம்புத்தூர் விடுதி அறை மறுபடி கண் முன்னால் வந்தது.

அந்த உணவுக்குப் பின்னால் பசியும் இருந்திருக்கிறது. வேறு எதுவும் கிடைக்காமல் மக்காச்சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளுக்குத் தோல் தடித்து உரிந்து, வயிறு போய், புத்தி பேதலித்துச் சாகும் நோய் வந்தது. 1771இல் மிலான் மருத்துவர் ஃப்ரான்செஸ்கோ ஃப்ராபொல்லி அதற்குப் பெலாக்ரா என்று பெயர் எழுதினார், சொரசொரத்த தோல் என்று பொருள். நியாசின் என்ற உயிர்ச்சத்துக் குறைவுதான் காரணம் என்று உறுதியாக இன்னும் நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆனது. மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள், அதில் நியாசின் உடம்புக்குச் சேரும்படி வெளிப்படும். தானியம் கடல் தாண்டிப் போனது, அந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் ராகிக் கொல்லையில் சால் விட்டுச் சால் அவரையும் துவரையும் போடுவார்கள். களிக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பும் கீரையும் இல்லாத வீடு ஏழை வீட்டிலும் ஏழை வீடு என்று அம்மா சொல்வாள். கேவுரில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உடம்பு ஓடாது. பிதுக்கம்பருப்பை நடுராத்திரி வரை உட்கார்ந்து பிதுக்கியதற்கு ருசியைத் தாண்டியும் அர்த்தம் இருக்கிறது.

நெல்லுச் சோறு

இதையெல்லாம் படித்த வேகத்தில் அம்மாவுக்குப் போன் செய்தேன். களி எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா, 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, பெங்களூரு விமான நிலையத்திலேயே ராகி பிஸ்கட் விற்கிறார்கள் என்று ஆர்வமாகச் சொன்னேன். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே அம்மா கேட்டுக்கொண்டாள்.

"அதுல பெருமைப்பட என்ன இருக்கு கண்ணு?" என்றாள். "நாங்க வேற இல்லாம தின்னோம்."

அவள் சின்ன வயதில் நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான். விருந்தாளி வந்தால் கொஞ்சம். கல்யாணமாகி வந்த வீட்டில் பதினோரு பேர். இரண்டு வேளையும் அத்தனை பேருக்கும் களி கிண்டியவள் அவள். இன்றைக்கு அவள் வலது தோளைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. ரேஷனில் அரிசி தாராளமாக வந்தபோது அவளுக்குக் கிடைத்த நிம்மதி எனக்குப் புரியவே புரியாது என்றாள். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது, தருமபுரியில் கட்டிக்கொடுத்த பெரியம்மா மகள் அதை வாங்கி வந்து, "அரிசிக்கு ஓடி ஓடி, கடைசியில கேவுருக்கே வந்துட்டோம்" என்றாளாம். சொல்லிவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை.

களியை உயர்த்திப் பேசும் உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நான் அதை மறைத்தது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெள்ளைக் கிண்ணத்தில் வேறு பெயரோடு வந்த பிறகு அதைக் கொண்டாடுவதும் அம்மாவின் தோள்பட்டையைப் பார்க்காத கொண்டாட்டமாகிவிடுகிறது. இரண்டு நேரத்திலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்றவர்களுடைய கண்ணைத்தான். பிதுக்கிச் சிவந்த விரல் என் பக்கத்திலேயே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புனே போன மறுநாள் தங்கை என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் அந்த உணவகத்து ரசீது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள், பொலெண்டா 795 என்று. நான் தடுப்பதற்குள் அம்மா காதில் விழுந்துவிட்டது. பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கொல்லைக் கேவுருவை அந்த மாதம்தான் அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டிருந்தோம், குவிண்டால் 3,846 ரூபாய். அம்மா பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் கணக்கு விரலிலேயே ஓடும்.

"இருபது கிலோ கேவுரு" என்றாள். இன்னும் கொஞ்சம் மேலேயே வரும்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஏர்போர்ட்டில் களியை விடமாட்டார்கள் என்றாயே என்றும் அப்போது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் இத்தனை நாளாக அது என்னோடு இருந்திருக்காது. அவள் குழந்தையின் காலை நீவிக்கொண்டே, ரொம்ப நேரம் கழித்து, "எரநூறுன்னு சொன்னியே" என்றாள். பிறகு, "அப்பவே சொல்லியிருந்தா மிச்சம் வச்சிருக்க மாட்டேன் சாமி. ஸ்பூன்ல இறங்கல, அதான்" என்றாள்.